நீலகிரி மலையில் தினம் ஒரு நன்றிக் குறிப்பு: எழுதும் முறை, சலிப்புத் தட்டும் இடங்கள்

அன்றன்று நன்றி சொல்லத் தோன்றியதை நோட்டில் எழுதிவைப்பதுதான் நன்றிக் குறிப்பு. அதை எழுத உட்காரும் பலரும் முதல் நாள் எழுதுவது இந்த மூன்றைத்தான்: குடும்பம், ஆரோக்கியம், சாப்பாடு. மறுநாளும் அதே மூன்று. ஒரு வாரம் போனதும் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் கை தானாக எழுதிவிடும், மனம் வேறெங்கோ இருக்கும். பிறகு "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று நோட்டு அலமாரிக்குப் போய்விடும். எழுதிய மூன்றும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நடந்த ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்து, அதை யார் செய்தார் என்று தேடுகிற அரை நிமிடம் இருக்கிறதே, பலன் எல்லாம் அதில்தான். தேடாமலே எழுத முடிகிற வரியால் ஒன்றும் ஆகாது.

ஆகவே ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று விஷயம் இருக்கட்டும்: யார் அல்லது எது, அன்று என்ன நடந்தது, அது நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்.

"பஸ் கிடைத்தது" என்று எழுதினால் அதில் ஒன்றுமில்லை. "மஞ்சூர் பஸ் டிரைவர் நான் மேட்டிலிருந்து ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்து நிறுத்தினார். விட்டிருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம், மழையில் வேறு" என்று எழுதினால் அந்த டிரைவரின் முகம் நினைவுக்கு வரும். அடுத்த முறை அவர் பஸ்ஸில் ஏறும்போது உங்களை அறியாமல் ஒரு சிரிப்பும் வரும்.

மூன்றாவது பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மற்ற இரண்டுக்கும் உயிர் கொடுப்பது. உளவியலாளர்கள் டிமோத்தி வில்சன், டேனியல் கில்பர்ட் உள்ளிட்டோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்த ஒரு நல்லது எப்படியெல்லாம் நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்களுக்கு, அது எப்படி நடந்தது என்று எழுதியவர்களைவிட மனம் கூடுதலாக மலர்ந்தது. காரணம் எளிது. கையில் இருப்பது பழகிவிடுகிறது, பழகியது கண்ணில் படுவதில்லை. ஊட்டிக்கு வருகிறவர் லவ்டேல் பக்கம் வண்டியை ஓரங்கட்டி மூடுபனியைப் படம் எடுக்கிறார். லவ்டேல்காரருக்கோ அதே மூடுபனியில் துணி காயவில்லை. இரண்டு பேர் பார்ப்பதும் ஒரே பனிதான். "இது இல்லாமல் போயிருந்தால்" என்ற கேள்வி, பழகிப்போனதை ஒரு நிமிடம் புதிதாக்கிக் காட்டும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தினமுமா, வாரம் ஒருமுறையா

இதில் ஆய்வுகளே ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்வதுபோல் தெரியும். மார்ட்டின் செலிக்மன் குழு 2005-இல் செய்த சோதனையில், ஒரு வாரம் தினமும் இரவில் அன்று நடந்த மூன்று நல்லதையும் அவை ஏன் நடந்தன என்பதையும் எழுதியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களுக்குத்தான் அது அதிகம். அதே 2005-இல் சோனியா லியுபோமிர்ஸ்கி குழு வெளியிட்ட ஆறு வாரச் சோதனையில், தங்களுக்குக் கிடைத்த நல்லதை வாரம் ஒருமுறை எண்ணிப் பார்த்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் மூன்று முறை செய்தவர்களுக்குக் கூடவில்லை. அவர்களுக்கு அது சலித்துவிட்டது என்பதே ஆய்வாளர்களின் ஊகம். இதற்கெல்லாம் முன்னோடியான ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோரின் 2003 ஆய்விலும் முதல் சோதனை வாரம் ஒருமுறைதான்: பத்து வாரம், ஒவ்வொரு வாரமும் ஐந்து குறிப்பு வரை.

இவற்றை வைத்துப் பார்த்தால் நமக்குத் தோதான ஏற்பாடு இது. முதல் ஏழு இரவுகள், இரவுக்கு மூன்று குறிப்பு. தேடுவதற்குக் கண் பழகத்தான் இந்த ஏழு நாள். எட்டாம் நாளிலிருந்து தினம் ஒன்று போதும், இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஒரு பக்கம். எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறு. சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர்களுக்குச் சந்தை முடிந்த மறுநாள்.

சலிப்புத் தட்டினால் தினசரி எழுத்தை நிறுத்தி மனதில் மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்; வாரப் பக்கத்தை விடாதீர்கள். பத்து, பதினைந்து என்று எண்ணிக்கையை ஏற்றுவது பெரிய தவறு. பத்து தேடச் சொன்னால் ஏழாவதில் திணற ஆரம்பிப்போம், திணறினால் "நமக்கு நன்றி சொல்ல அவ்வளவு இல்லையோ" என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நேரம், இடம், பென்சில்

சமவெளிக்காரர்கள் எழுதும் யோசனைகளில் விடியற்காலை 5 மணி, திண்ணை, அமைதி என்று வரும். ஜனவரியில் தலைகுந்தாவில் விடியற்காலை 5 மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்தால் நன்றி வராது, ஜலதோஷம்தான் வரும். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அந்த நேரத்தில் சோறு வடித்து, டப்பா கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டிருப்பார்கள். மலைக்கு இரவே சரி: சாப்பிட்டு முடித்து அடுப்பின் கணப்பு இன்னும் இருக்கும்போது, அடுப்படியிலேயே. படுக்கைக்குப் போனபின் எழுதலாம் என்று தள்ளாதீர்கள். கம்பளிக்குள் போன கை வெளியே வராது.

தனியாக ஒரு நேரம் ஒதுக்கினால் நிற்பது அரிது. ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள். கடைசிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும், ராத்திரி மாத்திரை போட்டதும், கோழிக்கூட்டை மூடியதும், எதுவானாலும் சரி. அந்த வேலை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். "எல்லாரும் தூங்கின பிறகு" என்று வைத்தால் வேறொருவரின் தூக்கத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும்.

40 பக்கக் கோடு போட்ட பள்ளி நோட்டு போதும். விலையுயர்ந்த டைரி வாங்கினால் அதில் சாதாரண விஷயத்தை எழுதக் கை கூசும். இங்கே எழுத வேண்டியதெல்லாம் சாதாரண விஷயங்கள்தான். பென்சிலால் எழுதுங்கள். மழைக்காலத்தில் காகிதம் நமுத்து ஜெல் பேனா மை ஊறிப் பரவும். குளிர் கடுமையான இரவில் பால்பாயின்ட் பேனா விட்டுவிட்டு எழுதும். பென்சிலுக்கு இரண்டு தொல்லையும் இல்லை. நோட்டை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைத்தால் ஆகஸ்டுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அடுப்புக்கு மேலே இருக்கும் பலகையிலோ, மூடி இறுக்கமான பிஸ்கட் டின்னிலோ வையுங்கள்.

போனில் எழுதலாமா என்றால், எழுதலாம், மற்றவருக்கு அனுப்பாத இடத்தில். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "இன்றைய நன்றி" என்று போட ஆரம்பித்தால் இரண்டே நாளில் அது ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கமாக மாறிவிடும். பிறர் படிப்பார்கள் என்று தெரிந்ததும் அழகாக எழுதத் தோன்றும்; அழகாக எழுதப் போனால் மஞ்சூர் டிரைவர் காணாமல் போய், இயற்கை அன்னை வந்துவிடுவாள்.

எழுதத் தெரியாத, அல்லது கண் மங்கிய பெரியவர்களுக்கு அவரைக்கொட்டை. ஒரு டப்பா, ஒரு கைப்பிடி காய்ந்த கொட்டை. ராத்திரி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே அன்றைக்கு நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்க ஒரு பேரன் பேத்தி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வாய்விட்டுச் சொல்வதுதான் நல்லது. மனதுக்குள் சொன்னால் மூன்றாம் நாள் வெறும் கொட்டை எண்ணும் வேலையாகிவிடும்.

"எழுத ஒன்றுமே இல்லை" என்கிற நாளுக்கு

ஒன்றும் நடக்காத நாள்தான் இந்தப் பயிற்சிக்கு உகந்த நாள். பெரிய சந்தோஷம் வந்த அன்று அதைக் கவனிக்க நோட்டு எதற்கு? நீலகிரியில் பருவத்துக்கு ஏற்ப தேடும் இடம் மாறும், அதைத் தெரிந்துகொண்டால் வறட்சி வராது.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை, கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஓயாமல் கொட்டும். அப்போது கவனிக்க வேண்டியவை எல்லாம் காய்ந்த பொருட்கள். நனையாமல் அடுக்கிவைத்த சீகை (வாட்டில்) மர விறகு. அடுப்புக்கு மேல் கொடியில் காய்ந்துவிட்ட யூனிஃபார்ம். பகலில் வந்து முக்கால் மணி நேரம் இருந்துவிட்டுப் போன வெயில். கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கம்பியில் விழுந்து கரண்ட் போனால், எப்போது வரும் என்று மின்வாரியத்தைத் திட்டுவோம், அது நியாயம்தான். கரண்ட் வந்த இரவில், அந்த மழையில் கம்பத்தில் ஏறியவரையும் ஒரு வரியில் எழுதுங்கள். திட்டியதை அழிக்க வேண்டியதில்லை.

அக்டோபர், நவம்பரில் மழை கிழக்குப் பக்கம் திரும்பிவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு அது வடகிழக்குப் பருவம். இங்கே கண் வைக்க வேண்டியது பாதையில். மண் சரிந்த இடத்தை விடிவதற்குள் ஒதுக்கிய ஜேசிபி ஓட்டுநர், மேட்டுப்பாளையம் சாலை திறந்திருந்ததால் வந்து சேர்ந்த மருந்து, காஸ் லாரி. மலை ரயில் தண்டவாளத்தில் விழும் பாறையையும் சேற்றையும் அப்புறப்படுத்துகிறவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் 12 அடிக்கு 1 அடி ஏறும் செங்குத்து அது, பல் வைத்த நடுத்தண்டவாளத்தைப் பல்சக்கரத்தால் பிடித்துத்தான் ரயில் ஏறுகிறது. அந்தப் பாதையில் கல் பொறுக்குவது என்ன வேலை என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. வெந்நீர், கம்பளி, பத்து மணி வெயில், கருகாமல் தப்பிய தேயிலைச் செடி. மார்ச் முதல் மே வரை தண்ணீரும் பொறுமையும்: குழாயில் அன்று தண்ணீர் வந்ததா, பக்கத்துத் தோட்டக்காரர் தன் ஊற்றில் நம்மை மொண்டுகொள்ள விட்டாரா, சுற்றுலா வண்டி நெரிசலில் ஆம்புலன்ஸுக்கு யாராவது வழி விட்டார்களா.

உடம்பையும் மறக்க வேண்டாம். இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் படிதான். முட்டி வலிக்காமல் ஏறிய நாளை, வலிக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுதிவையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பக்கம்: ஒரு கிளாஸ் டீயின் பின்னால் போவது

வாரப் பக்கத்துக்கு நல்ல பயிற்சி, கையில் இருக்கும் ஒரு சாதாரணப் பொருள் வந்த வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போவது. மலையில் அதற்கு டீயைவிடப் பொருத்தமானது இல்லை, வழி முழுவதும் நம் கண்முன்னாலேயே இருக்கிறது.

நோட்டில் மேலே "டீ" என்று எழுதிக் கீழே ஒரு கோடு இழுங்கள். ஒரு கிளாஸுக்கு ஏறக்குறைய 2 கிராம் தூள். 1 கிலோ தூளுக்குச் சுமார் 4½ கிலோ பசுந்தேயிலை வேண்டும், ஆகவே உங்கள் கிளாஸில் இருப்பது ஏறக்குறைய 9 கிராம் பச்சைக் கொழுந்து. அதை ஒருவர் குனிந்து, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியிருக்கிறார், அட்டைக்கடிக்கும் ஈரத்துக்கும் நடுவில். கிள்ளிய செடிக்கு அடுத்த முறை வர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் உரம் வைத்தவர், களை எடுத்தவர், கவாத்து வெட்டியவர் என்று வேறு கைகள். மூட்டையை எடை போட்டவர், லாரியில் ஏற்றியவர். ஃபேக்டரியில் இலை ராத்திரி முழுக்கக் காற்றில் வாடும். பிறகு உருளைகளில் நசுங்கும். பச்சை நிறம் போய்ச் செம்பு நிறம் வரும்வரை பரப்பிக்கிடக்கும். சூடான டிரையரில் காய்ந்து, சலிக்கப்பட்டுத் தூள் ஆகும். ராத்திரி ஷிஃப்டில் வாட்டத்தைக் கையால் தொட்டுப் பார்க்கிறவர் தூங்கியிருந்தால் உங்கள் டீ வேறு ருசியில் இருந்திருக்கும். அப்புறம் குன்னூர் ஏலம், பாக்கெட், கடை. இதுவரை தூள் மட்டும்தான். பாலும் சர்க்கரையும் கொண்டை ஊசி வளைவில் ஏறிவந்த சிலிண்டரும் தனி.

இப்போது நிறுத்துங்கள். இந்தச் சங்கிலி முழுவதற்கும் நன்றி என்று முடித்தால் மறுபடியும் "குடும்பம், ஆரோக்கியம், சாப்பாடு" கதைதான். ஒரே ஒரு கையைத் தேர்ந்தெடுத்து அவரைப் பற்றி மட்டும் மூன்று வரி. அடுத்த ஞாயிறு வேறொருவர். டீ ஒன்றே இரண்டு மாதத்துக்குத் தாங்கும்.

டீ தீர்ந்ததும் அடுப்படி விளக்குக்குப் போகலாம்: பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது, பிறகு குந்தா. கேரட் என்றால் விதைத்த நாளிலிருந்து மூன்று, நான்கு மாதம் காட்டுப்பன்றிக்கும் பனிக்கும் தப்பியது.

நீங்களே கொழுந்து பறிக்கிறவரானால், அல்லது ஒரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியானால், வழியை முன்னோக்கிப் பிடியுங்கள். உங்கள் 9 கிராமை எந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் யார் குடிக்கிறார் என்று. இதை எழுதும்போது பெரும்பாலும் இன்னொன்றும் சேர்ந்து வரும்: பசுந்தேயிலைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்ற எரிச்சல். அதையும் எழுதுங்கள், வேறு வரியில். இரண்டையும் ஒன்றில் ஒன்று கழிக்க வேண்டாம். குறைந்த கூலியை நன்றி சொல்லிச் சரிக்கட்டுவது இந்தப் பயிற்சியின் வேலை இல்லை. போனஸ் கேட்க வேண்டிய இடத்தில் போனஸைத்தான் கேட்க வேண்டும், அன்று மாலை பக்கத்து வரிசைக்காரி உங்கள் மூட்டையைத் தூக்கிவிட்டதையும் எழுத வேண்டும். "இருப்பதை வைத்துத் திருப்திப்படு" என்று தொழிலாளிக்குச் சொல்லிக்கொடுக்க யாராவது இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தால் அவரை நம்பாதீர்கள்.

நோட்டை விட்டு வெளியே வருவது

எழுதியதில் வாரத்துக்கு ஒன்றையாவது உரியவரிடம் வாயால் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இது கஷ்டம். கடைக்காரருக்கு "தேங்க்ஸ்" சொல்லிவிடுவோம், அம்மாவிடமோ வீட்டுக்காரரிடமோ சொன்னால், "என்ன ஆச்சு உனக்கு?" என்று நெற்றியில் கைவைத்துப் பார்ப்பார்கள். அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். செய்ததையும் அதனால் விளைந்ததையும் மட்டும் சொன்னால் போதும்.

பக்கத்து வீட்டாரிடம்: "அக்கா, நேத்து மழை வந்தப்ப நீங்க துணிய எடுத்து உள்ள போட்டீங்கல்ல, அதனாலதான் பையன் இன்னைக்கு ஸ்கூலுக்குப் போனான்." கண்டக்டரிடம்: "அண்ணா, அன்னைக்கு அம்மாவ கைபிடிச்சு இறக்கிவிட்டீங்க, வீட்டுல ரெண்டு நாளா அதையே சொல்லிட்டிருக்காங்க." மாமியாரிடம்: "அத்தை, நீங்க அரிசிய ஊறவெச்சிருந்ததால காலையில அரை மணி நேரம் மிச்சமாச்சு." அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்த்தாலும் செயற்கையாகிவிடும். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், அவர்கள் கூச்சப்படாமல் இருக்க அது உதவும்.

சங்கடமாக இருக்குமே என்ற பயம் நமக்கு மட்டும் இல்லை. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் அதைப் பெறுகிறவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும் என்பதைக் கூட்டியும், எவ்வளவு சந்தோஷம் வரும் என்பதைக் குறைத்தும் மதிப்பிட்டிருந்தார்கள்.

பெரிய கடன் ஒன்று இருந்தால், அதை ஒருமுறை நேரில் போய்ச் சொல்லலாம். நம் மலையில் இதற்கு ஆள் குறைவில்லை. 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை (சிறிமாவோ-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கோத்தகிரி, கூடலூர் பக்கம் இறங்கிய குடும்பங்களுக்கு எஸ்டேட் லயன் வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) இடம் காட்டியவர், ரேஷன் கார்டுக்கு அலைந்தவர், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த வாத்தியார் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெயர் இருக்கும். சிலர் இன்னும் இருக்கிறார்கள், மிகவும் வயதாகிவிட்டது. தள்ளிப்போட வேண்டாம்.

முறை இது. ஒன்றரைப் பக்கத்தில், ஏறக்குறைய 300 சொல்லில் எழுதுங்கள். அவர் என்ன செய்தார், எந்த நிலைமையில் செய்தார், இன்று அதனால் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள். வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், எதற்கென்று சொல்ல வேண்டாம். போய் உட்கார்ந்து டீ வந்தபின் படித்துக்காட்டுங்கள். வெறுங்கையோடு பெரியவர் வீட்டுக்குப் போவது நமக்கு வழக்கமில்லை. வர்க்கி ஒரு பாக்கெட் போதும், பெரிய பரிசு வாங்கிப் போனால் கணக்குத் தீர்த்ததுபோல் ஆகிவிடும். அன்று எந்த உதவியும் கேட்காதீர்கள். மகன் வேலைக்குச் சிபாரிசு கேட்டீர்களானால் படித்தது அத்தனையும் முன்னுரையாகிவிடும். வீடியோ எடுக்க வேண்டாம்.

செலிக்மன் குழுவின் சோதனையில் உடனடியாக அதிகப் பலன் தந்தது இந்த நேரடிச் சந்திப்புதான். ஆனால் அது ஒரு மாதம் வரைதான் தங்கியது. அதனால் வருடத்துக்கு மூன்று, நான்கு சந்திப்பு என்று பரவலாக வைத்துக்கொள்ளலாம்.

கெட்டுப்போகும் இடங்கள்

பிறர் கஷ்டத்தை வைத்து நம் நன்றியை அளப்பது முதல் பள்ளம். "அவனுக்கு இதுகூட இல்லையே, நான் பரவாயில்லை" என்று எழுதினால் ஒரு நிமிடம் ஆறுதல் கிடைக்கும், கூடவே அவனுக்கு வந்தது நமக்கும் வருமோ என்ற பயமும் வரும். அடுத்தவரை எழுதினால் அவர் செய்ததை எழுதுங்கள், அவருக்கு இல்லாததை எழுத வேண்டாம்.

பிள்ளைகளை வற்புறுத்துவது இன்னொன்று. "எதுக்கெல்லாம் நன்றி சொல்லணும், சொல்லு" என்றால் அம்மா, அப்பா, சாமி என்று பாடம் ஒப்பித்துவிட்டு ஓடிவிடும். "இன்னைக்கு உனக்கு யாரு உதவி பண்ணுனா? நீ யாருக்குப் பண்ணுன?" என்று சோறு போடும்போது கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு நன்றி கேட்டால் அந்தக் குழந்தை வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லை வெறுக்கும்.

உதவி செய்தவரிடம் அடங்கிப்போக வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தால் கவனமாக இருங்கள். அடிக்கிற கணவன் அரிசி வாங்கிப் போடுகிறான் என்று நோட்டில் எழுதி மனதைத் தேற்றிக்கொள்வது பயிற்சியாகாது. அந்த வீட்டுக்கு வேண்டியது வேறு உதவி. பெண்களுக்கான உதவி எண் 181.

சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை நோட்டைத் தொட வேண்டாம். அதற்குப் பிறகும் மனம் வந்தால் மட்டும். பயிர் மொத்தமும் போன வாரத்திலும் அப்படித்தான். அந்த மாதிரி நாட்களில் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றினால் உடம்புக்கு இதமாக இருந்த ஒன்றை எழுதுங்கள், சூடான ரசம், ஒரு மணி நேரத் தூக்கம். அதற்கு மேல் தேடினால் பொய் எழுதத்தான் வரும்.

மனச்சோர்வு நோய்க்கு இது மருந்து இல்லை. நன்றிப் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைப்பதில் இவற்றின் பலன் சிறிதுதான் என்று தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

ஞாயிறுதோறும் பக்கத்தின் மூலையில் இரண்டு எண் போடுங்கள்: அந்த வாரம் தூக்கம் பத்துக்கு எத்தனை, மனம் பத்துக்கு எத்தனை. முந்தைய எண்களைப் பார்க்காமல் போட வேண்டும். ஆறாவது ஞாயிறு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒன்று, ஒன்றரை ஏறியிருந்தால் தொடரலாம். அசையவே இல்லை என்றால் முதலில் குறிப்புகளைப் படித்து, ஆள் பெயர் இல்லாத வரிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் அப்படி இருந்தால் முறையில் கோளாறு, இன்னும் மூன்று வாரம் சரியாகச் செய்து பார்க்கலாம். பெயரெல்லாம் இருந்தும் எண் அசையவில்லை என்றால் இது உங்களுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம். சிலருக்கு மாலை நடை ஒத்துவரும், சிலருக்கு பஜனை.

தொடங்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கூடலூர் பக்கம் இருப்பவர் ஆகஸ்டில் தொடங்கி செப்டம்பர் கடைசியில் எண்ணைப் பார்த்தால் கட்டாயம் ஏறியிருக்கும், மழை விட்டு வெயில் வந்த சந்தோஷமும் அதில் கலந்திருக்கும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு டிசம்பரிலும் அதே குழப்பம். பிப்ரவரி நடுவில் தொடங்கினால் ஆறு வாரமும் வானிலை ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், கோடைக் கூட்டமும் அதற்குள் வந்து சேராது.